பேண்ட் பாக்கெட்டில் ரிவால்வர் வைக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் சுகர்லேண்ட் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. இரவு 11 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, அன்றைய பணத்தோடு காருக்கு நடக்க வேண்டும். அதற்காக ஐந்து குண்டு போடும் சின்ன ரிவால்வர் வாங்கி, வலது பாக்கெட்டில் அப்படியே போட்டுக்கொள்கிறேன். "தானாக வெடித்தால் என்ன ஆவது?" என்று மனைவி தினமும் சண்டை போடுகிறாள். தோட்டாவை அடிக்கும் சுத்தியலுக்கு நேரே உள்ள தோட்டா அறையைக் காலியாக விட்டால் போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? வீட்டில் ஆறு வயது மகன் இருக்கிறான். எச்-1பி விசாவில் உள்ள என் தம்பியும் எங்களோடுதான் இருக்கிறான். டிசம்பரில் எல்லோரும் திருநெல்வேலி போகிறோம்.

பதில்: உங்கள் மனைவி சொல்லும் காரணம் தவறு. ஆனால் அவர் பயப்படுவது மிகச் சரி.

இன்றைய நல்ல ரிவால்வர் எதுவும் தானாக வெடிக்காது. டிரிக்கரை முழுக்க இழுத்தால் ஒழிய, சுத்தியலின் அடி தோட்டாவுக்குப் போகாதபடி உள்ளே தடுப்பு இருக்கிறது. உங்கள் நண்பர் சொல்வது, அந்தத் தடுப்பு இல்லாத பழைய ரிவால்வர்களுக்கான விதி. கீழே விழுந்தால் வெடிக்கும் என்பதால் அன்று ஓர் அறையைக் காலியாக விட்டார்கள். உங்களுடையதில் டிரிக்கரை இழுத்தாலே உருளை சுழன்று அடுத்த அறை சுத்தியலுக்கு நேரே வந்துவிடும். அந்த அறையில் தோட்டா இருக்கும். அதனால் அவர் யோசனை உங்களுக்கு உதவாது.

ஆபத்து டிரிக்கரில்தான் இருக்கிறது. அதை விரல் மட்டும்தான் இழுக்கும் என்றில்லை. என் துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் ஒரு பழைய காக்கி பேண்ட் வைத்திருக்கிறேன். அதன் பாக்கெட்டில் ஒரு பக்கத் துணியை வெட்டி எடுத்துவிட்டதால் உள்ளே நடப்பது வெளியே தெரியும். போலித் தோட்டா போட்ட ரிவால்வரையும் ஒரு சாவிக்கொத்தையும் அதில் போட்டு, மாணவரை நாற்காலியில் நான்கைந்து முறை உட்கார்ந்து எழச் சொல்வேன். சாவி வளையம் மெல்ல நகர்ந்து டிரிக்கரைச் சுற்றியுள்ள கம்பிக்குள் நுழைவதை எல்லோரும் பார்ப்பார்கள். அப்போதும் ஒன்றும் ஆகாது. உங்கள் மாதிரி ரிவால்வரில் டிரிக்கரை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் விசை வேண்டும். ஆனால் அவசரத்தில் துப்பாக்கியை வெடுக்கென்று உருவும்போது, சாவி துணியில் மாட்டிக்கொண்டால் அந்த விசையை உங்கள் கையே கொடுத்துவிடும். அந்த நேரத்தில் குழல் உங்கள் தொடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிஸ்டல் என்றால் இன்னும் மோசம். க்ளாக் வகையில் இரண்டரை கிலோ விசையே போதும்.

அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பர்ரெஸுக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான். 2008 நவம்பரில் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில், உறையில்லாமல் ட்ராக் பேண்ட் இடுப்பில் செருகியிருந்த க்ளாக் காலுக்குள் நழுவியது. பதறிப்போய்ப் பிடித்தார், விரல் டிரிக்கரில் பட்டது, குண்டு வலது தொடையைத் துளைத்தது. உயிர் பிழைத்தார். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்கு இரண்டாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. தொடையில் ஓடும் பெரிய தமனி அறுந்திருந்தால் சில நிமிடத்தில் கதை முடிந்திருக்கும். அதனால் என் மாணவர்கள் எல்லோரையும் காரில் ஒரு டூர்னிகே, அதாவது ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டும் பட்டை, வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அதைக் கட்டப் பழகவும் வேண்டும்.

சரி, பாக்கெட்டே கூடாதா? கூடும், உறை இருந்தால். பாக்கெட்டுக்கென்றே ஹோல்ஸ்டர் விற்கிறார்கள். டிரிக்கரை முழுக்க மூடியிருக்க வேண்டும். வெளியிலிருந்து அழுத்தினால் டிரிக்கர் கைக்குத் தட்டுப்படாத அளவுக்கு விறைப்பாகவும் வேண்டும். வெளிப்புறம் சொரசொரப்பாக இருந்தால்தான் துப்பாக்கியை உருவும்போது உறை பாக்கெட்டிலேயே தங்கும். அப்புறம் அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா மூடி, டிஷ்யூ எதுவும் இருக்கக்கூடாது. துப்பாக்கியை வெளியிலேயே உறையில் போட்டு, பிறகு உறையோடு பாக்கெட்டில் வையுங்கள். பாக்கெட்டில் கிடக்கும் உறைக்குள் துப்பாக்கியைத் திணிக்கவே கூடாது. விபத்துகள் நடப்பது பெரும்பாலும் இப்படி எடுக்கும்போதும் வைக்கும்போதும்தான். பாக்கெட் பஞ்சு உள்ளே அடையும், வாரம் ஒருமுறை துடையுங்கள்.

கடையிலிருந்து காருக்கு நடக்கும் அந்தத் தூரத்துக்குப் பாக்கெட் வசதியானது. பாக்கெட்டில் கைவிட்டு நடப்பவரை யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். காரில் உட்கார்ந்து சீட் பெல்ட் போட்டதும் அந்த வசதி போய்விடுகிறது. இடுப்பு மடிந்திருக்கும்போது பாக்கெட்டிலிருந்து எதையும் உருவ முடியாது, முயன்றால் குழல் உங்கள் கால் மேலேயே திரும்பும். ஓட்டும் நேரம் அதிகம் என்றால் இடுப்பு பெல்ட்டில் மாட்டும் உறைதான் நல்லது என்பது என் முடிவு. இன்னொன்று, யாராவது மிரட்டிப் பணம் கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் விற்பனைக்காக எதுவும் வேண்டாம்.

எனக்கு அதிகக் கவலை உங்கள் வீட்டைப் பற்றித்தான். நம் ஆட்கள் பேண்ட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவோம். அப்பா பாக்கெட்டில் மிட்டாய் இருக்கிறதா என்று ஆறு வயதுப் பையன் கைவிடுவான். 2014 டிசம்பரில் ஐடஹோவில் கடைக்கு வந்த ஒரு தாயின் கைப்பையிலிருந்து அவருடைய இரண்டு வயதுக் குழந்தை துப்பாக்கியை எடுத்துச் சுட, தாய் அங்கேயே இறந்தார். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் துப்பாக்கியை உறையோடு பூட்டுப் பெட்டியில் வையுங்கள். 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை வைப்பது டெக்சாஸில் குற்றம்.

அந்தப் பெட்டி தம்பிக்கும் திறக்கக்கூடாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைச் சில விதிவிலக்குகள் தவிர மத்திய சட்டம் தடை செய்கிறது. "கொஞ்சம் பிடி" என்று கொடுத்தாலே அவர் விசாவுக்கு ஆபத்து.

2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் 21 வயதானவர்களுக்கு, வேறு சட்டத் தடை இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி உண்டு. இருந்தாலும் உரிமம் எடுத்துவிடுங்கள். பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்திய சட்டம் தடுக்கிறது. பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. மகனைப் பள்ளியில் விட நீங்கள்தானே போகிறீர்கள்? உரிமம் இருந்தாலும் பள்ளிக் கட்டடத்துக்குள்ளோ தபால் நிலையத்துக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது.

கடைசியாகத் திருநெல்வேலி. 2023-இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனையில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவற்றில் தோட்டா இருந்தது. மறந்துவிட்டேன் என்பதுதான் பலரும் சொன்ன பதில். இந்தியாவிலோ உரிமமில்லாத ஒற்றைத் தோட்டாவுக்கே 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். கிளம்பும் முன் ரிவால்வரையும் தோட்டாக்களையும் எண்ணிப் பூட்டுங்கள். கடைக்குப் போட்டுப்போகும் பேண்ட், ஜாக்கெட், முதுகுப்பை மூன்றையும் ஊருக்கு எடுத்துப்போக வேண்டாம்.