மஞ்சள் வரி நிற்கும் இடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (பரந்தனிலிருந்து ஒரு வாசகி): ஐயா, எங்கள் சங்கத்தின் நெல் கொள்வனவைப் பழைய அக்செஸ் தரவுத்தளக் கோப்பு ஒன்றில் பதிந்து வருகிறோம். அதை எழுதித் தந்தவர் வெளிநாடு போய்விட்டார். கொடுப்பனவுப் பட்டியல் எடுக்கும் பொத்தானை அழுத்தினால், பாதியில் நின்று ‘ரன்டைம் எரர் 94, இன்வலிட் யூஸ் ஒஃப் நல்’ என்கிறது. தெரிந்த தம்பி ஒருவர் நிரலின் தலையில் ‘ஒன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்று ஒரு வரி சேர்த்தார். இப்போது பட்டியல் கடைசிவரை ஓடுகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அவர் செய்தது சரியா?

பதில்: சரியில்லை. முதலில் அந்த வரியை நீக்குங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். அந்த வரி சேர்ந்த பின் எடுத்த பட்டியல் ஏதாவது வங்கிக்குப் போயிருந்தால், அதிலுள்ள கணக்கு இலக்கங்களை உறுப்பினர் அட்டைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைக்கே பாருங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், ‘நல்’ என்பது பூச்சியமும் இல்லை, வெற்றுச் சொல்லும் இல்லை. அந்தக் கட்டத்தில் யாரும் எதையும் எழுதவில்லை என்பதே அதன் பொருள். நிரல் ஒரு பெறுமதியைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் பெட்டியை ‘மாறி’ என்கிறோம். சொற்களை வைத்திருக்கும் ‘ஸ்ட்ரிங்’ மாறி அதை ஏற்காது. எதையும் வைக்கக்கூடிய ‘வேரியன்ட்’ வகை மாறி மட்டுமே ஏற்கும். கணக்கு இலக்கம் எழுதப்படாத ஓர் உறுப்பினரின் பதிவுக்கு நிரல் வரும்போது, மாறிக்குள் ‘நல்’ என்பதை வைக்க முடியாமல் 94 என்று நிற்கிறது. நிற்பதுதான் அதன் நேர்மை. ‘பிழை வந்தால் அடுத்த வரிக்குப் போ’ என்று நீங்கள் கட்டளையிட்டுவிட்டால், அந்த மாறி வெறுமையாவதில்லை. அதற்கு முந்தைய உறுப்பினரின் கணக்கு இலக்கம் அப்படியே அதற்குள் இருக்கும். அடுத்த வரி அதை எடுத்து இவருடைய பெயருக்கு நேரே எழுதிவிடும்.

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மீள்குடியேறிச் சில ஆண்டுகள் கழிந்த ஒரு காலபோகம். இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லைக் கொள்வனவு செய்த ஒரு சங்கத்துக்கு நான் பட்டியல் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒற்றை வரியை என் கையாலேயே எழுதினேன். கணவரை இழந்த ஓர் அம்மா தம் பெயரில் இன்னும் கணக்குத் திறந்திருக்கவில்லை. அவருடைய பதினேழு மூடை நெல்லுக்கான பணம், பட்டியலில் அவருக்கு மேலே இருந்தவரின் கணக்கில் போய் விழுந்தது. அந்த மனிதர் வங்கிப் புத்தகத்தோடு தாமாகவே வந்து, “இதில் பாதி என்னுடைய காசு இல்லை” என்று மேசையில் வைத்தார். அவர் வராமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அதற்குள் அந்த அம்மா மூன்று கிழமை நடந்து திரிந்துவிட்டார். இடப்பெயர்வில் உறுதி, அட்டை, புத்தகம் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்தவர்களின் விபரங்களைத்தான் நாம் இந்தக் கட்டங்களில் நிரப்புகிறோம். இவர்களுடைய பட்டியலில் பிழையை மறைக்க நமக்கு உரிமையில்லை.

இனி, திருத்தும் வழி. வரியை நீக்கிய பின் பொத்தானை அழுத்துங்கள். பிழைப் பெட்டி வந்ததும் ‘எண்ட்’ என்பதை விட்டு ‘டிபக்’ என்பதை அழுத்துங்கள். நிரலில் ஒரு வரி மஞ்சளாகும். பலர் அந்த மஞ்சள் வரியைத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். பிழை வெளியே தெரிந்த இடம்தான் அது. பிறந்த இடம் பெரும்பாலும் அட்டவணையில், யாரோ ஒருவருடைய பதிவில் இருக்கிறது. ஆகவே அந்த உறுப்பினர் யார் என்று முதலில் கேளுங்கள். கன்ட்ரோல் விசையோடு ‘ஜி’யை அழுத்தினால் கீழே ‘இமீடியட்’ சாளரம் திறக்கும். அங்கே ஒரு கேள்விக்குறி போட்டு, உறுப்பினர் இலக்கம் உள்ள புலத்தின் பெயரை நிரலில் இருப்பதுபோலவே எழுதி என்டர் தட்டினால் இலக்கம் வந்துவிடும். அட்டவணையில் அவரைத் தேடிப் பாருங்கள். வெற்றுக் கட்டம் தெரியும்.

‘நல்’ என்பதை வேறொரு பெறுமதியாக மாற்றித் தர ‘என்செட்’ என்ற செயற்பாடு இருக்கிறது. ஈரப்பதக் கழிவு எழுதப்படாவிட்டால் பூச்சியம் என்று கொள்ளலாம் என உங்கள் சங்கம் முடிவு செய்திருந்தால், அங்கே அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கணக்கு இலக்கத்துக்கு வேண்டாம். அங்கே இருப்பது ‘நல்’தானா என்று ‘இஸ்நல்’ கொண்டு சோதித்து, நல் என்றால் அந்த உறுப்பினரைக் கொடுப்பனவுப் பட்டியலில் சேர்க்காமல், ‘விபரம் பெற வேண்டியவர்கள்’ என்ற தனி அட்டவணையில் எழுதவையுங்கள். யாரைத் தேடிப் போக வேண்டும் என்று அந்தத் தாள் உங்களுக்குச் சொல்லும்.

பிழையைக் கண்டும் கடந்து போகலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடமும் உண்டு. விபரமே இல்லாத அறிக்கை தானாகத் திறப்பதை நிறுத்திக்கொள்ளும்போது 2501 என்ற எண் வரும். அந்த எண்ணை மட்டும் பெயர் சொல்லிப் பிடித்து விட்டுவிடலாம். மற்ற எண்கள் எல்லாம் திரையில் வரட்டும்.

கேள்வி (புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மாதர் சங்கச் செயலாளர்): அடையாள அட்டை இலக்கத்திலிருந்து வயதைக் கணிக்கும் நிரல் எங்களிடம் உண்டு. மூத்த உறுப்பினர்களுக்குச் சரியாக வருகிறது. இளம் பிள்ளைகளைச் சேர்த்தால் ‘எரர் 6, ஓவர்ஃப்ளோ’ என்கிறது.

பதில்: உங்கள் நிரல் 2016க்கு முன் எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். அந்த ஒன்பது இலக்கம் ‘லோங்’ வகை எண்ணுக்குள் அடங்கிவிடும், ஏனென்றால் அதன் எல்லை 2,147,483,647. 2016 முதல் வரும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். சாக்கின் கொள்ளளவு அப்படியே இருக்க நெல் கூடிவிட்டது, அதனால் வழிகிறது.

பெரிய எண் வகையைத் தேடிப் போகாதீர்கள். அடையாள அட்டை இலக்கத்தை யாரும் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. அதைச் சொல்லாக வையுங்கள். முன்னும் பின்னுமுள்ள இடைவெளிகளை ‘டிரிம்’ கொண்டு நீக்கி, எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள். பத்து என்றால் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பன்னிரண்டு என்றால் முதல் நான்கு ஆண்டு, அடுத்த மூன்று நாள். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். உங்களுடையது மாதர் சங்கம், ஆகவே எல்லோருக்கும் கழிக்க வேண்டியிருக்கும். வெட்டியெடுத்த துண்டை மட்டும் எண்ணாக மாற்றுங்கள். வேறு எந்த நீளம் வந்தாலும் தட்டச்சுப் பிழை என்று நிறுத்துங்கள். இதன் பிறகும் எரர் 13 (எண் வர வேண்டிய இடத்தில் வேறேதோ இருக்கிறது என்ற பிழை) வந்தால், பூச்சியத்துக்குப் பதிலாக யாரோ ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி (வவுனியா வாசகர்): ஏப்ரல் 3ஆம் திகதிக்கு அறிக்கை கேட்டால் மார்ச் 4 வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

பதில்: அக்செஸின் வினவல் மொழி இரண்டு # குறிகளுக்குள் வரும் திகதியை அமெரிக்க முறைப்படி மாதம் முதலில் என்று வாசிக்கும். 12க்கு மேற்பட்ட நாளென்றால் மாதமாக முடியாததால் சரியாக எடுத்துக்கொள்ளும். அதனால் மாதத்தின் பிற்பகுதியில் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். ‘ஃபோர்மட்’ செயற்பாட்டால் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதி அனுப்புங்கள், குழப்பம் தீரும்.

கேள்வி (மன்னாரிலிருந்து ஓர் ஆசிரியர்): பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. ‘ராஜா’ என்று தேடினால் மட்டும் ‘இன்வலிட் பற்றர்ன் ஸ்ட்ரிங்’ என்று நிற்கிறது. ‘ஜேம்ஸ்’ என்று தேடினால் பிழை வராது, ஆளும் வரமாட்டார். இருவரும் பட்டியலில் இருக்கிறார்கள்.

பதில்: அருமையான கேள்வி. பாமினியில் நாம் காணும் தமிழ், எழுத்துருவின் முகம் மட்டுமே. உள்ளே இருப்பவை ஆங்கில விசைகள். ‘ஜ’வுக்குரிய விசை [ என்ற சதுர அடைப்பு, ‘ஸ’வுக்குரியது ] என்பது. ‘லைக்’ தேடலில் சதுர அடைப்புக்குத் தனிப் பொருள் உண்டு: உள்ளே இருக்கும் எழுத்துகளில் ஏதாவது ஒன்று. ராஜாவில் அடைப்புத் திறந்து மூடப்படவில்லை, ஆகவே பிழை. ஜேம்ஸில் ‘ஜ’ திறக்க, ‘ஸ்’ மூடிவிடுகிறது. கணினி நிம்மதியாக வேறெதையோ தேடிவிட்டு, அப்படி ஒருவர் இல்லை என்கிறது. இரண்டாவதுதான் எனக்குக் கவலை. கத்தோலிக்கப் பெயர்கள் நிறைந்த உங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் இப்படி ‘இல்லாமல்’ போயிருப்பார்கள்!

தேடும் சொல்லை லைக்குக்குக் கொடுக்குமுன், ‘ரீப்ளேஸ்’ கொண்டு ஒவ்வொரு [ குறியையும் [[] என்று மாற்றிவிடுங்கள். அடைப்புக்குள் அடைப்பு வைத்தால் அது வெறும் எழுத்தாகிவிடும். ஆறுதலாகப் பெயர்களை யூனிகோடுக்கு மாற்றுவதுதான் நிலையான வழி. மாற்றிய பின் நிரல் எழுதும் சாளரத்துக்குள் தமிழை நேரே தட்டாதீர்கள், வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். தமிழ்ச் செய்திகளை ஓர் அட்டவணையில் வைத்து, அங்கிருந்து எடுத்துப் படிவத்தில் காட்டுங்கள். மாற்றத் தொடங்குமுன் கோப்பின் பிரதி ஒன்றை வேறொரு தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.