ஏறும்போது இன்ஜின் நின்றால்: கேள்வி பதில்

செஸ்னா 152, 172 விமானங்களின் வலது இருக்கையில் உட்கார்ந்து பறக்கக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். ஒற்றை இன்ஜின் சிறு விமானம் தரையை விட்டெழுந்த முதல் இரண்டு நிமிடங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

ஒரு பயணி: இன்ஜின் நின்றதும் விமானம் கல் போல விழுந்துவிடுமா?

விழாது. விமானத்தைத் தாங்குவது இறக்கை; இன்ஜின் அதை முன்னே இழுக்கிறது, அவ்வளவுதான். 172 ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். காற்று அமைதியாக இருந்தால் ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஒன்றரைக் கடல் மைல் தூரம்.

பயிற்சி மாணவி: அப்படியானால் ஏறும்போது நின்றால் மட்டும் ஏன் இத்தனை பயமுறுத்துகிறார்கள், கேப்டன்?

நல்ல கேள்வி. ஏறும்போது மூக்கு வானத்தைப் பார்த்திருக்கிறது, வேகமோ குறைவு. 172 ஏறுவது 74 நாட், அதாவது மணிக்கு 74 கடல் மைல் வேகத்தில். இன்ஜின் நின்ற பிறகும் மூக்கை அப்படியே பிடித்திருந்தால் வினாடிக்கு நான்கு நாட் வீதம் வேகம் கரையும். ‘என்ன ஆயிற்று’ என்று திகைத்து உட்கார்ந்திருக்கும் நான்கைந்து வினாடிகள் போதும், ஸ்டால் வாசலுக்கு வந்துவிடுவீர்கள்; அதாவது வேகம் போதாமல் இறக்கை விமானத்தைத் தாங்க முடியாத நிலை.

ஒரு மாணவனுடன் 700 அடியில் ஏறிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) மூடினேன். கெட்டிக்காரப் பையன், பாடமெல்லாம் தலைகீழாகச் சொல்வான். அவன் கண் இன்ஜின் முள்ளுக்குப் போனது. கண்ணாடிக்கு வெளியே இன்னும் வானம்தான் தெரிந்தது. மூக்கு தானாகத் தாழத் தொடங்கியதும் பதறிப்போய்க் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுத்து அதைத் தூக்கப் பார்த்தான். காற்றின் இரைச்சல் அடங்கியது. இடது இறக்கையிலிருந்து ஸ்டால் ஊதல் குழந்தை சிணுங்குவதுபோல் எழுந்தது. வேகமானி 55. அதற்குமேல் நான் காத்திருக்கவில்லை.

அந்த மூக்கு தாழ்ந்தது சரியான செயல். புரொப்பெல்லர் காற்று வால்மீது அடிப்பது நின்றதும், ஏறும் வேகத்துக்கு டிரிம் செய்த, அதாவது கையை எடுத்தாலும் அந்த வேகத்திலேயே பறக்கும்படி அமைத்த விமானம் தாழ்ந்து அந்த வேகத்தைத் தானே தேடிக்கொள்ளப் பார்க்கும். கெடுப்பது நம் கைதான். ஆகவே முதல் வேலை, மூக்கை இறக்கு. இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அகமதாபாத் விபத்தில் என்ன நடந்திருக்கும்?

அது பெரிய ஜெட். என் துறை இல்லை. இதே கேள்வியை அனுப்பிய மற்றவர்களுக்கும் இதுவே பதில்.

தனியார் பைலட் உரிமம் பெற்றவர்: எத்தனை அடிக்கு மேல் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்பலாம்? எங்கள் பயிற்சியாளர் 800 என்றார்.

எல்லோரும் கேட்பது இந்த எண்ணைத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 74 நாட் என்றால் நிமிடத்துக்கு 7,500 அடி. குளிர்ந்த காலையில் நிமிடத்துக்கு 700 அடி ஏறினால், ஆயிரம் அடி உயர்வதற்குள் எழுந்த இடத்திலிருந்து 10,700 அடி போயிருப்பீர்கள். வெயில் கொளுத்தும் மதியத்தில், முழு எடையுடன், 500 அடி வீதம் ஏறினால் 15,000 அடி. திரும்புவதில் 400 அடி உயரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி 600 அடிக்கு 5,400 அடி தூரம்தான் சறுக்கி வர முடியும். ஓடுபாதையின் முனை எழுந்த இடத்திலிருந்து 5,000 அடி தள்ளி இருந்தால், காலையில், ஏறும்போது எதிரே வீசிய காற்று திரும்பியதும் பின்னிருந்து கொஞ்சம் தள்ளினால் ஒருவேளை எட்டலாம். மதியத்தில் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. விமானம் அதே, உயரம் அதே, ஓடுபாதையும் அதே.

இன்னும் மோசம் என்னவென்றால், மதியத்தில் இறங்கும் கோணம் ஏறும் கோணத்தைவிடச் செங்குத்து. நேராக ஏற ஏற ஓடுபாதை எட்டாத தூரத்துக்குத்தான் போகிறது. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது தெரியாது.

வெளிநாட்டில் பறப்பவர், 600 மணி நேர அனுபவம்: நான் 3,000 அடியில் செய்து பார்த்தேன். 45 டிகிரி சாய்வில் திரும்ப 350 அடிதான் ஆனது. அமெரிக்கக் கடற்படை அகாடமியின் டேவிட் ராஜர்ஸ் 1995-இலேயே 45 டிகிரிதான் சிறந்தது என்று காட்டிவிட்டார். அமெரிக்க அரசே 2018-இல் இதைக் கற்பிக்கச் சொன்னது. நீங்கள் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள்.

ராஜர்ஸின் கணக்கில் தவறில்லை. அவர் சொன்ன வேகம் ஸ்டாலுக்குச் சற்றே மேல் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும். 172எஸ் ரகத்தில் முழு எடைக்கு 53 நாட், 63 ஆகிவிடும். கையில் மிஞ்சுவது சில நாட். 3,000 அடியில் அது போதும். தரை மரம் மரமாகத் தெரியும்போது கை தானாக இழுக்கும்.

அப்புறம், உங்களுக்கு இன்ஜின் எப்போது ‘நிற்கும்’ என்று தெரியும். நிறுத்தியதே நீங்கள்தானே! 350 அடியோடு திகைப்புக்கான வினாடிகளையும் சேருங்கள். 180 டிகிரி திரும்பினால் ஓடுபாதைக்கு இணையாக, 200 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்பீர்கள். அதைத் தாண்டியும் திரும்பி, பிறகு மறுபக்கம் திருப்பி நேராக்க வேண்டும்.

அதே நபர்: அப்படியானால் திரும்பவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. உங்கள் விமானத்தில், அன்றைய எடைக்கும் காற்றுக்கும், ஓட்டம் தொடங்கும் முன்பே கணக்கிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘இந்த உயரத்துக்குக் கீழே நேராக, அதற்கு மேலே இடப்பக்கம்.’ அரசு சொன்னதும் எப்போது, எப்படி என்று கற்பிக்கத்தான்.

இன்னொருவர்: ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு திரும்பினாரே, பிழைத்தாரே?

2015 மார்ச்சில், அமெரிக்காவின் சாண்டா மோனிகாவில், ரயன் பிடி-22 என்ற பழைய பயிற்சி விமானம். திரும்பத் தொடங்கினார், ஓடுபாதை எட்டாது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டு கோல்ஃப் மைதானத்தைத் தேர்ந்தெடுத்தார். அவரைப் பிழைக்கவைத்தது அந்த இரண்டாவது முடிவு. எட்டாத ஓடுபாதையை எட்ட மூக்கைத் தூக்கியிருந்தால் கதை வேறு. இன்ஜின் நின்றதற்குக் காரணம், கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் ‘ஜெட்’ என்ற சிறு துளையுள்ள பாகம் கழன்றிருந்தது.

வணக்கம், எத்தனை அடியில் திரும்பலாம்?

மேலே படியுங்கள்.

வேறொரு மாணவர்: முழுதாக நிற்காமல் சக்தியில் ஒரு பகுதி மட்டும் போனால் சமாளிப்பது எளிதுதானே?

இல்லை, அதுதான் உண்மையான பொறி. 2000 முதல் 2010 வரையிலான நிகழ்வுகளை ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்தது. எழும்போதும் எழுந்த பின்னும் சக்தியில் ஒரு பகுதி போனவை, முழுதாக நின்றவற்றைப் போல மூன்று மடங்கு. ஒரு பகுதி போனவற்றில் ஒன்பது உயிர்ச்சேத விபத்துகள். முழுதாக நின்றவற்றில் ஒன்றுமில்லை. முழுதாக நின்றால் முடிவெடுத்தே தீரவேண்டும். இருமிக்கொண்டே ஓடும் இன்ஜின், ‘இன்னும் கொஞ்சம், வீட்டுக்குப் போய்விடலாம்’ என்று ஆசை காட்டும். அந்த ஆசையில் வேகம் குறையும். வேகம் இருக்கும்போதே வயலைத் தேர்ந்தெடுங்கள். மூக்கை இறக்குங்கள்.

இரண்டு இன்ஜின் விமானம் வாங்கினால் கவலை இல்லையே?

ஒரு இன்ஜின் போனால் சக்தியில் பாதி போகும், ஏறும் திறனில் ஏறத்தாழ 80 சதவீதம் போகும். மீதியை அதற்கான பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

சிரஸ் விமானத்தின், விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்?

நல்ல சாதனம். எஸ்ஆர்22-இன் முந்தைய ரகங்களில் நேர்ப்பறப்பில் விரிய 400 அடி உயரம் போகும் என்று கையேடு சொல்கிறது. 200 அடியில் இன்ஜின் நின்றால் அதுவும் கை கொடுக்காது.

விமானம் கல் மாதிரி...

முதல் பதில். தயவுசெய்து.

பயிற்சி மாணவி: இது நேராமல் தடுக்க நான் என்ன செய்யலாம்?

தொட்டியின் அடியிலிருந்து எரிபொருளைக் குப்பியில் வடித்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும். சிறு விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோல் இளநீலம். தண்ணீர் இருந்தால் அடியில் நிறமற்ற குமிழாக உருளும். குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் பிரிவுக்கோடு தெரியாது, ‘சுத்தமாக இருக்கிறது’ என்று ஏமாறுவீர்கள். வெள்ளைப் பின்னணியில் பிடித்து நிறத்தைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். நான் ஒருநாள் மூன்று குப்பி வடித்த பிறகுதான் நீலம் வந்தது. முதல் நாள் இரவு நல்ல மழை, தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது.

தரையைத் தொடும் முன் கதவின் தாழை ஏன் திறக்கச் சொல்கிறார்கள்?

மோதலில் விமானத்தின் உடல் நெளிந்தால் கதவு இறுகிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் வெளியே வர வழி வேண்டும். ஆனால் 200 அடியில் கதவைத் தேடிக் குனியாதீர்கள். முதலில் வேகம், பிறகு இடம், நேரம் மிஞ்சினால் எரிபொருள் வால்வும் மின்சுவிட்சும் கதவும். பெரும்பாலும் மிஞ்சாது.