கஞ்சாவும் ஜாமீனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சித்தர்களின் மூலிகையான கஞ்சாவை 1985ல் அமெரிக்காவுக்குப் பயந்து தடை செய்தார்கள் என்றும், மதுக்கடை நடத்தும் அரசுக்கு அதைத் தடுக்க உரிமையில்லை என்றும் என் அறை நண்பன் வாதிடுகிறான். தினமும் புகைக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

கதிர்வேல்

அன்புள்ள கதிர்வேல்,

சித்தர்களை விட்டுவிடுவோம்; அவர்கள் சொன்ன மற்ற எதையும் உங்கள் நண்பன் கடைப்பிடிப்பதாகத் தெரியவில்லை. மதுக்கடை வாதத்துக்கும் பதில் தேவையில்லை. அவனோடு வாதாடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காக்க, கஞ்சாவைத் தடை செய்த அதே 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது.

அமெரிக்க அழுத்தம் என்பது பாதிக் கதை. 1893ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த குழு 1193 பேரை விசாரித்து, மிதமான பழக்கத்தால் பெரிய கேடில்லை, தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்றது. மனநலக் காப்பகப் பதிவேடுகளை அக்குழு துருவிப் பார்த்தபோது, கஞ்சாவால் வந்த பித்து என்ற குறிப்புகளில் பல, நோயாளியைக் கொண்டுவந்த காவலர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டவை என்று தெரிந்தது. 1925 ஜெனீவா அபின் மாநாட்டில் கஞ்சாவையும் கட்டுப்படுத்தச் சொல்லி வலியுறுத்தியது எகிப்து. 1961ன் ஐ.நா. உடன்படிக்கை கஞ்சாப் பழக்கத்தை ஒழிக்க 25 ஆண்டு அவகாசம் தந்து, செடியின் பூவைத் தடைக்குள் கொண்டுவந்து இலையை விட்டுவிட்டது. வடக்கே இலையை அரைத்துச் செய்யும் பாங்கு இன்றும் உரிமம் பெற்ற கடைகளில் கிடைப்பது அதனால்தான்.

என் மனத்தை அரிப்பது அந்தச் சட்டத்தில் ஜாமீனைப் பற்றிய, 1989ல் கடுமையாக்கப்பட்ட 37ஆம் பிரிவு. சங்ககிரிப் பக்கம் எங்கள் ஊரில் லாரிக்குக் கிளீனராகப் போன பையன் ஒருவன் இருந்தான். ஆந்திராவிலிருந்து திரும்பிய வண்டியில் தார்ப்பாய்க்கடியில் 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டது. ஓட்டுநர் இறங்கி ஓடிவிட்டார், தூங்கிக்கொண்டிருந்தவன் அகப்பட்டான். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டுத் தண்டனை. ஜாமீன் வேண்டுமென்றால், அவன் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக விசாரணைக்கு முன்பே நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். குற்ற மனநிலை இருந்ததாகவே 35ஆம் பிரிவு அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியவன் அவன். வானம் பார்த்த காட்டை விற்று வக்கீலுக்குக் கொடுத்த அவன் அம்மா, "எம்பையன் எப்ப வருவானுங்க?" என்று என்னிடம் கேட்டபோது, சட்டம் தெரிந்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் நண்பன் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டால் அதிகபட்சம் ஓராண்டு, அபராதத்தோடும் முடியலாம். அந்தப் பொட்டலம் அவன் கைக்கு வரும் வழியில் எந்தக் கிளீனர் எந்தச் சிறையில் இருக்கிறான் என்று ஒருநாளாவது அவன் யோசித்ததுண்டா? சுதந்திரம் பேசும் உங்கள் தலைமுறை தன் புகைக்கு மட்டும் சுதந்திரம் கேட்பது வெட்கக்கேடு. உங்களையும் சேர்த்தே சொல்கிறேன், தம்பி. நல்ல பிள்ளையாக எனக்குக் கடிதம் எழுதுகிற நீங்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறையாவது புரட்டியிருக்கலாம்.

2001ல் அளவுவாரியாகத் தண்டனையைப் பிரித்த நாடாளுமன்றம், வண்டியில் வேலைக்கு இருந்தவனையும் சரக்குக்குச் சொந்தக்காரனையும் ஜாமீன் கட்டத்திலேயே பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை நீதிபதிக்குக் கொடுக்கலாம். அதைக் கேட்பதற்கு, கஞ்சா மூலிகையா நஞ்சா என்று நீங்கள் இருவரும் முடிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.