தோய்ப்பதற்கு உருக்கிய சாக்லேட் திரண்டுபோனது குறித்து

கொதிநீரின் மேல் கிண்ணம் வைத்து உருக்கிய டார்க் சாக்லேட், பிஸ்கட்டைத் தோய்க்கும் முன்பே மணல்போல் திரண்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் சில துளி நீர்தான் இதற்குக் காரணம். ஓரத்தில் படிந்த நீராவியோ ஈரக் கரண்டியோ போதும், சாக்லேட்டிலுள்ள சர்க்கரைத் துகள்கள் அந்த ஈரத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வியப்பாகத் தோன்றினாலும், சூடான பாலைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கலக்கினால் அது மீண்டும் இளகும். ஆனால் தோய்ப்பதற்கு உதவாது என்பதால் பிரவுனி மாவில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த முறை கிண்ணத்தின் அடி நீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 45 டிகிரி செல்சியஸ் வரை உருக்கி, 28க்கு ஆறவிட்டு, மீண்டும் 31 அல்லது 32க்குச் சூடாக்கினால்தான் மேற்பூச்சு பளபளப்பாக உறையும். காம்பவுண்ட் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் இந்தச் சிரமம் இல்லை. சுவைதான், என் நாவுக்கு, ஒரு படி குறைவு.