லுத்தரன் கிண்டர்கார்டனில் சேர்க்கலாமா? எர்லாங்கனில் கேட்ட தம்பிக்கு

தம்பி, ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள எர்லாங்கன் வந்து மூன்று மாதம் ஆகிறது, லுத்தரன் சபை (மார்ட்டின் லுத்தர் வழி வந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ சபை) நடத்தும் கிண்டர்கார்டனில்தான் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் இந்துக்கள், மதம் மாற்றிவிடுவார்களா, எழுத்துகூடச் சொல்லித்தர மாட்டார்களாமே என்றும் கேட்டிருந்தீர்கள். நாங்களும் இந்துக்கள்தான். என் இரண்டு பிள்ளைகளும் அப்படிப்பட்ட இடத்தில்தான் வளர்ந்தார்கள். தைரியமாகச் சேருங்கள்.

சாப்பாட்டுக்கு முன் சின்ன ஜெபம் உண்டு, பைபிள் கதை உண்டு, போதகரும் அவ்வப்போது வருவார். புனித மார்ட்டின் நாளான நவம்பர் 11-ஐ ஒட்டி, இருட்டிய பிறகு, பிள்ளைகள் தாங்களே ஒட்டிய காகித விளக்குகளைத் தூக்கிக்கொண்டு பாடியபடி தெருவில் போவார்கள். குளிரில் கூடவே நடந்துபாருங்கள், மறக்க மாட்டீர்கள். மகளின் குழுவில் துருக்கிப் பிள்ளைகளும் சிரியப் பிள்ளைகளும் இருந்தார்கள். கைகூப்ப விருப்பமில்லாத பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும். யாரும் வற்புறுத்தியதில்லை.

அவர்கள் நம்பிக்கையின் ஆணிவேர் ஒன்றுதான். கடவுளின் அன்பை யாரும் உழைத்துச் சம்பாதிக்க முடியாது, அது தானாக வருவது. கிருபை என்பார்கள். அதைக் குழந்தைக்குப் பொருத்திப் பார்த்தால், எதையும் சாதிப்பதற்கு முன்பே அது மதிப்புள்ள உயிர். அதனால்தான் அங்கே ராங்க் கிடையாது, இவனைப் பார் அவளைப் பார் என்ற ஒப்பீடு கிடையாது.

நான்கு வயதில் என் மகள் ஒரு பையனை மரக்கட்டையால் அடித்துவிட்டாள். கூட்டிவரப் போன நான் வெட்கத்தில் நின்றேன். ஆசிரியை தரையில் மண்டியிட்டு, அவள் கண்மட்டத்துக்கு வந்து, "அவனுக்கு வலிக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டார். கொஞ்சநேரம் கழித்து மகளே போய் ஈரத்துணி கொண்டுவந்து அவன் நெற்றியில் வைத்தாள். "சாரி சொல்லு" என்று மிரட்டியே வளர்ந்தவள் நான். தப்பு செய்த பிள்ளையும் அன்புக்கு உரியதுதான் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

பெற்றோரை விட்டுவிட்டு எதையும் செய்ய மாட்டார்கள். 1529-ல் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசமே (நம்பிக்கையைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சிறு நூல்) வீட்டுத் தலைவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக எழுதியது. அந்த மரபில் முதல் ஆசிரியர் நீங்கள்தான். வீட்டில் என்ன பண்டிகை என்று கேட்பார்கள், பொங்கலைப் பற்றி நீங்களே போய்ச் சொல்லலாம். நான் சர்க்கரைப் பொங்கலோடு போனேன், பாத்திரம் காலி.

எழுத்து விஷயம் சபையின் கொள்கை மட்டுமல்ல, இங்கே எல்லாக் கிண்டர்கார்டனிலும் விளையாட்டுதான் முக்கியம். எழுத்தும் கணக்கும் ஆறு வயதில் பள்ளிக்குப் போன பிறகுதான். ஜெர்மன் போதாத பிள்ளைகளுக்குப் பள்ளி சேரும் முன் 240 மணி நேர மொழிப் பயிற்சி பவேரியாவில் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் எழுத்தை வீட்டில் நீங்கள் ஆரம்பியுங்கள், அதை யாரும் உங்களுக்காகச் செய்ய மாட்டார்கள்.

அப்புறம், சைவமென்றால் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறந்தநாளுக்குக் கொடுக்கும் கரடி மிட்டாயில் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் சில வாரம், பிள்ளை பழகும்வரை, மகளோடு நீங்களோ மனைவியோ உட்கார வேண்டியிருக்கும். அலுவலகத்தில் இப்போதே விடுப்பு கேட்டுவையுங்கள்.