மக்காச்சோள எத்தனால்: லாபம் யாருக்கு, செலவு யாருக்கு?

கேள்வி: மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் கலப்பது நல்லதா, கெட்டதா?

பெட்ரோலில் எத்தனால் கலப்பதை நான் எதிர்க்கவில்லை. அதற்காக மக்காச்சோளத்தை இந்த அளவுக்கு நம்புவதைத்தான் எதிர்க்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் மாட்டுத்தீவனம், கோழித்தீவனம் விற்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படி மக்காச்சோளச் சாகுபடி கிடையாது. ரப்பர், தென்னை, வாழை, மிச்சமிருக்கும் கொஞ்சம் நெல், அவ்வளவுதான். மக்காச்சோளம் எல்லாம் வெளியூர் லாரியில்தான் வருகிறது. அதனால் இந்தத் திட்டத்தின் லாபம் எங்களுக்கு நேரடியாக வருவதில்லை, செலவு மட்டும் வந்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு என் பதிலைப் படியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நாம் எரிக்கும் எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் கச்சா எண்ணெயாக வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2013-14-இல் பெட்ரோலில் எத்தனால் 1.5 சதவீதம்தான் இருந்தது. 2022 ஜூனில் 10 சதவீதம் ஆனது, 2025-இல் 20 சதவீதத்தைத் தொட்டது. முதலில் 2030 என்று வைத்த இலக்கு அது. இதனால் மிச்சமான அந்நியச் செலாவணி ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு சொல்கிறது. சின்னத் தொகை இல்லை.

அப்புறம் விவசாயி. பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர்கள் 2018-இல் படைப்புழு வந்தபோது பட்ட பாடு கொஞ்சமா? அவர்களுக்கு, கோழித்தீவனக் கம்பெனியைத் தவிர இன்னொரு வாங்குபவர் கிடைத்தால் அது நியாயமான விஷயம். 2024-இல் மூட்டை விலை ஏறியபோது என் கடைக்குக் கஷ்டம்தான். ஆனாலும் அந்த ஏற்றத்தில் ஒரு பங்காவது விளைவித்தவர் கைக்குப் போகிறது என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. ஏக்கர் கணக்கில் பார்த்தால் மக்காச்சோளத்துக்குக் கரும்பைவிடத் தண்ணீர் குறைவு. கரும்பு வழியாக ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது.

ஆனால் அந்த விவசாயிக்கும் இது உறுதியான பிடிமானம் இல்லை. எத்தனால் ஆலைக்குத் தேவை மாவுச்சத்து. அது எந்தத் தானியத்தில் இருந்து வந்தாலும் அதற்குச் சம்மதம்தான். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழக அரிசியை ஆலைகளுக்குக் கொடுப்பது நின்றது. அந்த டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. உடனே ஆலைகள் மொத்தமாக மக்காச்சோளத்தின் மேல் விழுந்தன. மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு என்று மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் விலையும் வைத்தார்கள். சந்தை விலை ஏறியது, நாடு முழுக்கப் பலரும் மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். பிறகு உணவுக் கழக அரிசியைக் குவிண்டால் 2,250 ரூபாய்க்குத் திரும்பத் திறந்துவிட்டார்கள். 2025 கடைசியில் கர்நாடகத்தில் மக்காச்சோள விலை, ஆதரவு விலையான 2,400-க்கு மிகக் கீழே இறங்கி விவசாயிகள் ரோட்டுக்கு வந்தார்கள். விலையைக் காட்டி விதைக்கச் சொல்லிவிட்டு அறுவடை நேரத்தில் அரிசியை மலிவாக இறக்குவது எந்த வகையில் விவசாயி நலன்?

இனி என் கடைக் கணக்கு. ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். பைக்குக்கு 10 லிட்டர் பெட்ரோல் போடுகிறீர்கள் என்றால் அதில் 2 லிட்டர் எத்தனால். அது முழுக்க மக்காச்சோளத்தில் வந்தது என்று வைத்துக்கொண்டால் 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பிராய்லர் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். அந்த 5 கிலோவை வைத்து 9 கிலோ தீவனம் கலக்கலாம். 9 கிலோ தீவனம் தின்றால் கோழி ஏறக்குறைய 5 கிலோ உயிர் எடை போடும். எடை போட்டு எடை போட்டு மூட்டை விற்கிற எனக்கு இந்தக் கணக்கு மனதை விட்டுப் போவதே இல்லை. நாமக்கல் முட்டைக்கும் இதே கதைதான், அந்த முட்டை குமரி மாவட்டத்தின் ஒவ்வொரு பெட்டிக்கடைக்கும் வருகிறது.

மாவுச்சத்து மட்டும்தானே எத்தனாலாகிறது, மிச்சம் தீவனமாகத் திரும்புகிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஒரு டன்னுக்குச் சுமார் 300 கிலோ சக்கை உலர்ந்து வருகிறது. வியாபாரத்தில் டிடிஜிஎஸ் என்போம். மாவுச்சத்து போய்விடுவதால் புரதம் செறிந்திருக்கும், சோயாப் புண்ணாக்கைவிட மலிவு. பால்மாட்டுக்கு நல்ல சரக்கு. சிக்கல் என்னவென்றால், புரதம் செறிவது போலவே பூஞ்சை நச்சும் செறியும். மூல மக்காச்சோளத்தில் இருந்த அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு சக்கையில் மூன்று மடங்கு வரை கூடும். இரண்டு பருவமழையும் கொட்டுகிற எங்கள் ஊர் ஈரத்தில் மூட்டையை வைத்துப் பார்க்கிற யாருக்கும் இந்தப் பயம் இருக்கும். பரிசோதனைச் சீட்டு இல்லாத சக்கையைக் கோழிக்குக் கொடுக்காதீர்கள். ஆலைகளில் இதற்குக் கட்டாயப் பரிசோதனை கறாராக நடக்க வேண்டும்.

கரியமில வாயு குறையுமா? அமெரிக்காவில் இதைப் பற்றியே இரண்டு தரப்பு. 2021-இல் ஆர்கோன் தேசிய ஆய்வகம், பெட்ரோலைவிட 40 சதவீதத்துக்கு மேல் குறைவு என்றது. 2022-இல் வந்த இன்னொரு ஆய்வு, குறைவே இல்லை, 24 சதவீதம் கூடுதலாகக்கூட இருக்கலாம் என்றது. வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், எத்தனாலுக்காகப் புதிதாக உழுத நிலத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பது. எனக்கு இரண்டாவது தரப்பு சொல்வது புரிகிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஏலாவில் (வயல்வெளியில்) நெல் போய் வாழையும் தென்னையும் வந்ததை, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) போட்ட விளையில் (மேட்டு நிலத்தில்) ரப்பர் ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். விலை எங்கே போகிறதோ நிலமும் அங்கே போகும். அது ஒருமுறை போய்விட்டால் திரும்புவது அபூர்வம்.

இன்னொரு விஷயம் எங்கள் மண்ணோடு சம்பந்தப்பட்டது. இந்த மாவட்டம் முன்பு திருவிதாங்கூர் நாட்டில் இருந்தது, 1956 நவம்பர் 1-இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. திருவிதாங்கூரின் அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் பரப்பிய மரச்சீனிதான் எங்கள் பாட்டன் பூட்டன் வயிற்றைக் காப்பாற்றியது. வருடக்கணக்காக மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த இந்தியா 2024-இல் இறக்குமதி செய்யும் நாடாகியது. பெரும்பகுதி வந்தது அதே பர்மாவிலிருந்து, கொஞ்சம் உக்ரைனிலிருந்து. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க ஆரம்பித்த திட்டம் தானிய இறக்குமதியில் போய் முட்டினால், அதைத் தற்சார்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வண்டியைப் பற்றியும் கேட்பீர்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே 20 சதவீதக் கலப்பில் கணக்குப்படி மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும். எத்தனாலுக்கு ஆக்டேன் (இன்ஜினில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன்) அதிகம் என்பதால் அதற்கென அமைத்த புது இன்ஜின் கொஞ்சம் ஈடுகட்டும். பழைய பைக் ஈடுகட்டாது. ஆனால் எத்தனால் கலந்ததற்காக பெட்ரோல் பங்கில் விலையைக் குறைக்கவில்லை, எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டியாக இருந்தால் பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் வாஷர்களை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் கடலில் இருப்பார்கள். வண்டி வீட்டு முற்றத்தில் உப்புக்காற்றிலும் மழையிலும் நிற்கும். எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்க் மூடி வழியாக மழைத் தண்ணீர் இறங்கினால், எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் நிற்கும். இன்ஜினுக்கு முதலில் போவது அதுதான். மூடி ரப்பரை மாற்றுங்கள், வண்டியைக் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள், கடலுக்குப் போகும் முன் கார்புரேட்டரை வடித்துவிடச் சொல்லுங்கள்.

20 சதவீதத்தோடு நிறுத்தி, இனி கூட்டுவது எதுவாக இருந்தாலும் தானியம் அல்லாததில் இருந்து கூட்ட வேண்டும் என்பது என் நிலை. பானிபட்டில் வைக்கோலில் இருந்து எத்தனால் எடுக்கும் ஆலை 2022 ஆகஸ்டில் திறந்தார்கள். வருடத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் திட்டம். செலவு அதிகம், வேகம் குறைவு, ஆனால் யாருடைய உணவிலும் கை வைப்பதில்லை. மக்காச்சோளத்துக்குக் கொடுத்த விலைச் சலுகையில் பாதியாவது அங்கே போகட்டும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு பங்கில் 10 சதவீதக் கலப்பும் விற்க வேண்டும். பிரேசில் 2025 ஆகஸ்டில் 30 சதவீதத்துக்குப் போனதைக் காட்டி, நாமும் 27-க்குப் போகலாம் என்கிறார்கள். அவர்கள் 1975-இலிருந்து பெரும்பாலும் கரும்பை வைத்து இதைச் செய்கிறவர்கள். எந்தக் கலப்பிலும் ஓடும் இன்ஜின் அங்கே சாதாரணமாகக் கிடைக்கிறது. அதெல்லாம் இங்கே வருவதற்கு முன்னால் 27 என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.