நாய்க்கும் பூனைக்கும் காப்பீடு: கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

செல்லப்பிராணிக் காப்பீடு குறித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறு இந்த இதழில் இடம்பெறுகின்றன. எங்கள் கால்நடை மருத்துவர் பதிலளிக்கிறார்.

எங்கள் வீட்டில் இரண்டு வயது லாப்ரடார் பெண் நாய் இருக்கிறது. தெரிந்த முகவர் ஒருவர், ஆண்டுக்குச் சிறு தொகை கட்டினால் போதும், எல்லாம் அதில் அடங்கிவிடும் என்கிறார். வேறொரு நிறுவனத்தின் பாலிசிக்குப் பிரீமியம் அதைப்போல மூன்று மடங்கு. எதை எடுப்பது?
– வாசகி, தருமபுரி

பிரீமியத்தை ஒப்பிடுவதற்கு முன்பு, அந்த முகவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நாய் உயிரோடு இருந்து நோயில் விழுந்தால் இந்தப் பாலிசி பணம் தருமா, அல்லது இறந்தால்தான் தருமா? நியூ இந்தியா அஷ்யூரன்ஸ், ஓரியண்டல் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் நாய்க் காப்பீடு, அடிப்படையில் நாயின் சந்தை மதிப்பைக் காப்பீடு செய்து, விபத்தாலோ நோயாலோ அது இறந்தால் அந்தத் தொகையைத் தரும் வகையைச் சேர்ந்தது. 2020-ஐ ஒட்டி பஜாஜ் போன்ற தனியார் நிறுவனங்கள் கொண்டுவந்த பாலிசிகளில்தான் அறுவை சிகிச்சை, மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்கும் செலவு, காணாமற்போதல், பிறருக்கு நேரும் பாதிப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ள முடிகிறது. உங்கள் முகவர் சொல்வது முதல் வகையாக இருந்தால் அது மலிவாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது அது அல்ல என்றே கருதுகிறேன். வளர்க்கிறவர்கள் தவித்துப்போவது சிகிச்சைக்குப் பணம் புரட்ட முடியாத இரவில்தான்.

அடுத்து, நம் பகுதியில் நாய்களுக்கு உண்மையில் என்ன வருகிறது என்பதை வைத்துப் பாலிசியைப் படியுங்கள். இங்கே ஆண்டு முழுவதும் நாங்கள் பார்க்கும் நோய் உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பேபீசியா என்ற கிருமிகள் உண்ணி கடிப்பதால் உடலில் புகுந்து, இரத்தத்தட்டுகளையும் சிவப்பணுக்களையும் குறைத்துவிடுகின்றன. எர்லிக்கியாவுக்கு ஏறத்தாழ நான்கு வாரம் மாத்திரை, இடையிடையே இரத்தப் பரிசோதனை, முற்றினால் இரத்தம் ஏற்றுதல் என்று செலவு நீளும். ஆனால் பெரும்பாலான நாய்கள் காலையில் வந்து, ஊசியும் குளுக்கோஸும் ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்புகின்றன. மருத்துவமனையில் 24 மணி நேரம் தங்கினால்தான் பணம் என்று ஒரு வரி பாலிசியில் இருந்தால், நம் ஊரின் முதன்மையான நோய்க்கே அது உதவாது. ஆகவே வெளிநோயாளிச் சிகிச்சை அடங்குமா என்று கேளுங்கள். சில பாலிசிகளில் உண்ணி, பூச்சித் தொல்லையால் வரும் நோய்களே விலக்குப் பட்டியலில் இருக்கும். அந்தப் பக்கத்தை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

லாப்ரடார் என்பதால் இன்னும் இரண்டு செய்திகள். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. பரம்பரை நோய்களைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வருவதுண்டு, அது அவசர அறுவை சிகிச்சையில்தான் முடியும். இனப்பெருக்க உறுப்பு தொடர்பானவை எல்லாமே விலக்கு என்று இருந்தால் இதுவும் அடிபட்டுப்போகும். கருத்தடை அறுவைக்குக் காப்பீடு பணம் தராவிட்டாலும், அதைச் செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

கடைசியாகத் தொகைக் கணக்கு. காப்பீட்டுத் தொகை 50,000 ரூபாய் என்று அட்டையில் பெரிதாக இருக்கும். உள்ளே, ஓர் அறுவை சிகிச்சைக்கு 15,000 ரூபாய்தான் உச்சம், அதிலும் 10 சதவீதம் உங்கள் பங்கு என்று இருக்கலாம். பில் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பில்லில் உங்கள் பங்கைக் கழித்தால் 18,000. உச்சவரம்பின்படி உங்களுக்கு 15,000 முழுதாகக் கிடைக்கும். முதலில் உச்சவரம்பைப் போட்டுவிட்டு அதிலிருந்து 10 சதவீதத்தைக் கழித்தால் 13,500 தான் வரும். ஒரே பில், ஒரே விதி, வரிசை மாறியதற்கு 1,500 ரூபாய் வேறுபாடு. எந்த வரிசையில் கழிப்பார்கள் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். முகவர் வாயால் சொன்னது பின்னாளில் எந்த மேசையிலும் செல்லாது.

மூன்று வயது பெர்சியன் ஆண் பூனை வளர்க்கிறேன். சென்ற ஆண்டு சிறுநீர் அடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்த்தேன். இப்போது காப்பீடு எடுக்க விரும்புகிறேன். பழைய நோயைச் சொன்னால் தரமாட்டார்கள், சொல்லாமல் விடுங்கள் என்று நண்பர்கள் கூறுகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், ஓசூர்

சொல்லிவிடுங்கள். காப்பீடு என்பது விண்ணப்பத்தில் நீங்கள் தரும் தகவலை நம்பி எழுதப்படும் ஒப்பந்தம். முக்கியமான ஒன்றை மறைத்தது தெரியவந்தால், அந்த நோய்க்கான கிளைம் மட்டுமல்ல, முழுப் பாலிசியே செல்லாது என்று நிறுவனம் சொல்ல இடம் உண்டு. கிளைம் வரும்போது பழைய சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்பார்கள். சென்ற ஆண்டு மருத்துவர் எழுதியது அதில் இருக்கும். அதை மாற்றித் தரும்படி எந்த மருத்துவரையும் கேட்க வேண்டாம்.

ஆண் பூனையின் சிறுநீர்த்தாரை மிகக் குறுகலானது என்பதால் இந்த அடைப்பு திரும்ப வரக்கூடியது. மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்குகிறது, துளியும் வரவில்லை, அடிக்கடி அந்த இடத்தை நக்குகிறது என்றால் அது மறுநாளுக்குத் தள்ளக்கூடிய நோய் அல்ல. ஓரிரு நாளில் உயிரே போய்விடும். இதற்குக் காப்பீடு ஏற்கெனவே இருந்த நோய் என்ற காரணத்தால் கைகொடுக்காமல் போகலாம் என்பதால், இந்தச் செலவுக்கென்று ஒரு தொகையை நீங்களே தனியாக வைத்திருப்பது அவசியம்.

அப்படியானால் பாலிசி எதற்கு என்று கேட்பீர்கள். அடுக்குமாடி பால்கனியிலிருந்து விழுவது, எலும்பு முறிவு, புதிதாக வரும் தொற்று ஆகியவற்றுக்கு அது பயன்படும். நாய்க்குத் தரும் நிறுவனங்களை விடப் பூனைக்குத் தருபவை குறைவு. அதனால் நாய்ப் பாலிசியின் விளக்கத்தைப் பூனைக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாமல், பூனைக்கென்று அச்சிட்ட விதிகளை வாங்கிப் படியுங்கள். பெர்சியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உருவாகும் பரம்பரை நோய் உண்டு. பாலிசி எடுக்கும் முன் ஒரு ஸ்கேன் செய்து, சிறுநீரகம் நன்றாக இருந்தால் அந்த அறிக்கையைத் தேதியுடன் வைத்துக்கொள்வது பின்னால் வரக்கூடிய வாதத்துக்கு உதவும்.

எங்கள் மாந்தோப்பில் காவலுக்கு நாட்டு நாய் இருக்கிறது. மாட்டுக்குக் காதுவில்லை போட்டு இன்சூரன்ஸ் செய்ததுபோல் நாய்க்கும் செய்ய முடியுமா?
– விவசாயி, காவேரிப்பட்டணம்

முடியும், ஆனால் அரசு மானியத்துடன் வரும் கால்நடைக் காப்பீட்டில் நாய் சேராது. முழுப் பிரீமியமும் உங்களுடையது. காதுவில்லை இல்லாத மாட்டுக்குக் கிளைம் எழுதவே முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். நாய்க்கு அடையாளம் காட்டும் அந்த வேலையைச் செய்வது மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள சிப்பை இரு தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் ஊசியால் செலுத்திவிடலாம். கருவியைக் காட்டினால் 15 இலக்க எண் தெரியும். சிப் இல்லாவிட்டால் நான்கு பக்கமும் எடுத்த நிறப் படங்கள், அடையாளக் குறிகள், மருத்துவரின் உடல்தகுதிச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். நாட்டு நாய்கள் பலவும் ஒன்றுபோலவே செம்பழுப்பாக இருப்பதால், காதில் உள்ள வெட்டு, மார்பில் உள்ள வெள்ளைப் புள்ளி போன்றவற்றைச் சான்றில் எழுதச் சொல்லுங்கள்.

தோப்பு நாய்க்கு வரும் ஆபத்து வீட்டு நாய்க்கு வருவது அல்ல. கண்ணாடி விரியன் கடித்து, முகம் வீங்கி, ஈறில் இரத்தம் கசிய இரவில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். விஷமுறிவு மருந்து ஒரு குப்பியோடு முடிவதில்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் சிறுத்தை நாயைத் தூக்கிச் செல்வதும் நடக்கிறது. பாம்புக்கடியும் வனவிலங்குத் தாக்குதலும் 'விபத்து' என்பதில் அடங்குமா, காவலுக்கு வைத்த நாயை ஏற்பார்களா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பிறருக்கு நேரும் பாதிப்புக்கான பிரிவு. வழிப்போக்கரை நாய் கடித்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் உங்கள் தலையில் விழும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 291-ஆம் பிரிவின்படி, விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பது ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். அபராதத்தைக் காப்பீடு கட்டாது, இழப்பீட்டுக்கு உதவலாம். வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட்டிருப்பது இதற்கெல்லாம் அடிப்படை.

பைக் மோதி எங்கள் நாய்க்குக் கால் முறிந்தது. ஆண்டுத் தடுப்பூசி போடத் தவறிவிட்டோம் என்று சொல்லிக் கிளைமை மறுத்துவிட்டார்கள். இது நியாயமா?
– வாசகர், ஊத்தங்கரை

உங்கள் பாலிசியில் அந்த விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்கள், ஊசி போடாத நிலையில் ஏற்கப்படமாட்டா என்று மட்டும் இருந்தால், எலும்பு முறிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, மறுப்பு நிற்காது. ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதைப் பாலிசி முழுமைக்குமான நிபந்தனையாக எழுதியிருந்தால் வாதாடுவது கடினம், ஆயினும் முயல்வதில் தவறில்லை.

எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்பதை விதி எண்ணுடன் எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் இரண்டு ஆண்டுக்குள் போகலாம், ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளர் அதே புகாரை எடுத்துக்கொள்ளமாட்டார் என்பதால் எந்த வழி என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டு, பில் ஆகிய மூன்றிலும் நாயின் பெயரும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், சிகிச்சை செய்த மருத்துவரிடம் நடந்ததை உள்ளபடி விளக்கும் சான்று ஒன்றைக் கேட்டு வாங்கி இணையுங்கள்.

நாற்பத்தைந்து நாள் நாய்க்குட்டி வாங்கியிருக்கிறோம். உடனே காப்பீடு எடுக்கலாமா?
– வாசகி, அரூர்

பெரும்பாலான பாலிசிகள் எட்டு வாரம் அல்லது மூன்று மாதம் முடிந்த பிறகே ஏற்கின்றன. அதன் பிறகும் நோய்களுக்கு ஒரு காத்திருப்புக் காலம் உண்டு, அதற்குள் வரும் நோய்க்குப் பணம் கிடைக்காது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் நோய் பெரும்பாலும் ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்குவது. ஆகவே பிரீமியத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் தடுப்பூசிகளை முடியுங்கள்: ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை, மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசி. அது முடியும்வரை தெருவில் இறக்கிவிட வேண்டாம். மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் பெற்று வையுங்கள். பாலிசி எடுக்கும்போது முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

என் நாய்க்குப் பதினொரு வயது. இனிமேல் காப்பீடு கிடைக்குமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

புதிதாகக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் முதுமையில் வரும் நோய்கள் பலவும் விலக்கில் இருக்கும். பிரீமியமாகக் கட்ட நினைத்த தொகையை மாதந்தோறும் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவாருங்கள். அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்து சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பார்த்துக்கொள்ளுங்கள், பற்களையும் காட்டுங்கள். பெரிய அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். தனியாரைவிடச் செலவு குறையும். போகும்போது பழைய பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள், அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.